கங்கும் கல் உப்பும் போதும்

கோவில்பட்டியில் கிரில் கடைகள் பெருகிவிட்டன. அதைப் பார்த்துவிட்டு வீட்டு மாடியில் கறி சுட நினைக்கும் நம் பிள்ளைகள் முதலில் தேடுவது மசாலா பாக்கெட்டைத்தான். நம் அம்மாக்களும் அப்பத்தாக்களும் கறி சுட்டபோது கையில் இருந்தது உப்பும் வத்தலும். எப்போதாவது கொஞ்சம் மஞ்சள். ‘இல்லாதவர்கள் சமையல்’ என்று அதை ஊர் ஒதுக்கியது. நாமும் அதை நம்பிவிட்டோம். இல்லாமை உண்மைதான். ஆனால் அந்தக் கைப்பக்குவத்தை இல்லாமை கற்றுத்தரவில்லை.

இதற்கு வேண்டியதெல்லாம் நம் மாவட்டத்திலேயே விளைகிறது. தூத்துக்குடி உப்பளத்து உப்பு, விளாத்திகுளம் கரிசலில் காயும் வத்தல், அந்தப் பக்கத்துக் கரிமூட்டங்களில் வேகும் சீமைக்கருவேலக் கரி. உப்பளத்திலும் மூட்டத்துப் புகையிலும் நிற்பவர்களில் நம்மவர்களும் உண்டு.

அரைக்கிலோ கறிக்குத் தூள் உப்பு ஒரு தேக்கரண்டி போதும். கல் உப்பென்றால் நுணுக்கி அளந்துகொள்ளலாம். எப்போது போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உப்புப் பட்டதும் கறி தண்ணீர் விடும். அந்த ஈரத்தோடு கங்கில் வைத்தால் கறி சுடாது, அவியும். முக்கால் மணி நேரம் பொறுத்தால் அதே உப்புத் தண்ணீரைக் கறி திரும்ப இழுத்துக்கொள்ளும். உள்வரை சாரம் ஏறும். பொறுக்க நேரமில்லையா, கங்கில் வைப்பதற்குச் சற்று முன்பு உப்பைத் தடவுங்கள். இரண்டுக்கும் நடுவில் வேண்டாம்.

வத்தல் தூளை முதலிலேயே அப்பினால் கருகிக் கசக்கும். கறி முக்கால் பதம் வெந்ததும், இடித்த வத்தலை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவி இரண்டு புரட்டு புரட்டினால் போதும். எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழியலாம். புளிப்பில் வெகுநேரம் ஊறினால் மேல்சதை குழைந்துபோகும்.

தீ எரியும்போது கறியை வைக்கக் கூடாது. சுவாலை அடங்கி, கங்கின் மேல் வெள்ளைச் சாம்பல் படர வேண்டும். கொழுப்புச் சொட்டித் தீ எழும்பினால் கறியை ஓரமாக நகர்த்துங்கள். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எதையும் எரிக்காதீர்கள். அடைத்த அறைக்குள் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். அந்தப் புகை ஆளைக் கொல்லும். கோழி என்றால் எலும்போரம் சிவப்பு மறையும்வரை வேக வேண்டும்.

மாட்டுக்கறிக்குப் பக்குவம் வேறு. வயதான மாட்டின் சதை முறுகியிருக்கும். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்ட வேண்டும். அப்போதும் கடினமாக இருந்தால் உப்பும் மஞ்சளும் போட்டு அரைவேக்காடாக அவித்து, நீரை வடித்து, பிறகு கங்கில் வாட்டலாம்.

மாட்டுக்கறி என்றதும் குரலைத் தாழ்த்தும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. கல்லூரிக்குக் கொண்டுபோகும் டப்பாவில் இருப்பதை ‘மட்டன்’ என்று சொல்லிச் சமாளிக்கும் மாணவர்களை நாம் அறிவோம். 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விடுங்கள் என்றார் அம்பேத்கர். செத்ததை இழுத்துப்போடும் இழிதொழிலோடு கட்டப்பட்ட உணவு அது. காசு கொடுத்து, கடையில் நாமே பார்த்து வாங்கும் கறிக்கு அந்த வெட்கத்தை நீட்டத் தேவையில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்தில் பறையடிக்கும் பொருநருக்குக் கிடைப்பதும் கம்பியில் கோத்துச் சுட்ட கறிதான்.

வெட்கம் நம்மிடமிருந்து மட்டும் வருவதில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் முடிவு செய்தபோது மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடம் தரவில்லை. இது பாகுபாடு என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிவைக்கப்பட்டது.

மராத்வாடா தலித் சமையலைப் பற்றி ஷாகு பட்டோலே 2015இல் மராத்தியில் ஒரு புத்தகம் எழுதினார். 2024இல் ஆங்கிலத்திலும் வந்தது. அதில் அவர் சொல்லும் ‘சான்யா’ என்ற உலர்கறியைப் படிக்கும்போது நமக்கு நம் வீட்டு உப்புக்கண்டம் நினைவுக்கு வருகிறது. இப்படி ஒரு புத்தகம் கரிசலிலிருந்தும் வர வேண்டும். படிக்கிற பிள்ளைகள் விடுமுறையில் ஆச்சிகளிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுத ஆரம்பிக்கலாம்.

உப்புக்கண்டத்திலிருந்தே தொடங்கலாம். கறியைக் கொழுப்பு நீக்கி நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் வத்தல் தூளும் பிசறி, நூலில் கோத்துக் கொடியில் கட்டுவார்கள். ஈ அண்டாமல் மெல்லிய துணி போர்த்த வேண்டும். ஒடித்தால் பட்டென்று முறியும்வரை பல நாள் வெயில் வேண்டும். வேண்டும்போது இரண்டு துண்டைக் கங்கில் சுட்டுத் தட்டி, கம்மங்கூழுக்குக் கடித்துக்கொள்ளலாம். ஐப்பசி மழை இறங்குவதற்குள் காயவைத்து எடுத்துவிட வேண்டும். ஈரக்காற்றில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.