தணிகைச் சந்தமும் தன்னை நோக்கும் ஹிப் ஹாப் பாட்டும்

தமிழ்ப் பாட்டினை ஆராய்வோர் பெரும்பாலும் ஏட்டில் எழுதப்பெற்ற செய்யுட்களையே எடுத்துக்கொள்வர். ஒலிப்பதிவாகப் பிறந்து ஒலிப்பதிவாகவே பரவும் இக்காலப் பாட்டுகள் அவர்தம் நோக்கிற்கு உட்படுதல் அரிது. அவற்றுள் ஒன்றாகிய ஹிப் ஹாப் பாட்டு ஆக்கப்பெறும் முறையையும், பாடுவோர் தம்மையே நோக்கிப் பாடும் வகை தமிழில் எய்தியுள்ள இயல்பையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்குத் திருத்தணிகையை நிலைக்களமாகக் கொண்டமைக்குக் காரணம் இரண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் சந்தப் பாக்கள் பல பாடிய தலம் அது. ஹிப் ஹாப் பாவலர் அறிவு பிறந்த அரக்கோணமோ, அங்கிருந்து புகைவண்டி வழியில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

தாளமும் தத்தகாரமும்

நியூயார்க்கு நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்டு 11 அன்று நிகழ்ந்த ஒரு விருந்தினை ஹிப் ஹாப் கலையின் தொடக்கமாகக் கொள்வர். ஆங்கு இசைத்தட்டுகளை இயக்கிய கூல் ஹெர்க் என்பார், பாட்டின் இடையே தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை மீண்டும் மீண்டும் வருமாறு நீட்டி ஒலிக்கச் செய்தார். அத்தாளத்தின்மேல் சொல் அமைந்தபோது புதிய பாட்டுவகை தோன்றிற்று. முதலில் களிப்புக்கே பயன்பட்ட இது, 1982-இல் வெளிவந்த ‘தி மெசேஜ்’ என்னும் பாட்டிற்குப் பின்னர், வறுமையையும் மனத்தின் நெருக்கடியையும் கூறும் கருவியாகவும் வளர்ந்தது.

இவ்வகைப் பாட்டில் பெரும்பாலும் தாளமே முற்பட அமையும். நான்கு தட்டுக் கொண்டது ஓர் அளவு. பதினாறு அளவு கொண்டது ஒரு பகுதி என்பது பெருவழக்கு. ஆகவே ஒரு பகுதிக்கு 64 தட்டுகள் உள. நிமிடத்திற்குத் தொண்ணூறு தட்டு எனின், அவை ஏறத்தாழ 43 நொடியில் முடிந்துவிடும். அச்சிறு பொழுதிற்குள் கருத்தும் அடங்க வேண்டும். மூச்சு வாங்கவும் இடம் வேண்டும். ஆதலின் பாவலர் பலர் முதலில் பொருளற்ற ஒலிகளைத் தாளத்திற்கு இசைய முணுமுணுத்து, நடை அமைந்த பின்னரே அவ்வொலிகளின் இடத்தில் சொற்களை வைப்பர்.

இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. நம் முன்னோர் தத்தகாரம் என்றது இதனையே ஒக்கும். தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய எனும் எண்வகைச் சந்தங்களை வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் தம் ‘வண்ணத்தியல்பு’ நூலுள் வகுத்துக் காட்டினார். எனினும் வேறுபாடும் ஒன்று உண்டு. வண்ணப்பாவில் குறில், நெடில், வல்லொற்று, மெல்லொற்று ஆகியவற்றின் வைப்பு அடிதோறும் மாறாது வருதல் வேண்டும். ஹிப் ஹாப்பில் தட்டு ஒன்றே மாறாதது. தட்டுகளுக்கு இடையே எழுத்துகள் நெருங்கியும் நெகிழ்ந்தும் வரலாம்.

விகுதியும் இயைபும்

ஆங்கிலப் பாவலர் அடியீற்று ஒலியொப்புமையைப் பெரிதும் நாடுவர். தமிழிலோ வினைமுற்று பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்றலால், இயைபு முயற்சியின்றியே அமைந்துவிடும். எனவே தமிழ்ப் பாவலரின் திறன் எதுகையாலும் மோனையாலும் அளக்கப்பெறும். ஆயினும், தன்னை நோக்கும் பாட்டிற்கு இவ்விறுதி விகுதி ஒரு தனிப்பயன் தருகின்றது. ‘நான்’ என்னும் சொல்லைக் கூறாமலே ‘ஏன்’ விகுதியால் பாடுவோர் தம்மை அடிதோறும் நிறுத்தலாம். அதனை ‘ஓம்’ என மாற்றிய அளவில், ஒருவர் குரல் பலர் குரலாகிவிடும். இலக்கண நூலார் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்றது இவ்வாற்றலையே.

திருப்புகழ்ப் பாக்கள் பலவற்றில் பாடுவோர் தம் குறைகளைத் தாமே எடுத்துரைத்து, இறுதியில் தலத்தைச் சுட்டி முருகனை வேண்டுகின்றார். அது தனிமனிதரின் முறையீடு. ஆயின் ஆண்டுதோறும் திசம்பர் 31 அன்று நிகழும் திருப்படித் திருவிழாவில், தணிகை மலையின் 365 படிகளில் அடியார் கூட்டமாக அப்பாக்களைப் பாடி ஏறுங்கால், ஒருவர் முறையீடே பலர் முறையீடாகின்றது.

‘என்ஜாய் எஞ்சாமி’

ஒருவர் பலராதல் என்னும் இம்மாற்றம் பாட்டின் உள்ளேயே நிகழ்தற்கு, 2021 மார்ச்சுத் திங்களில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ சான்றாகும். சொற்களை அறிவு எழுதினார்; அவரும் தீயும் பாடினர்; சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பாளர். அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். 1964-ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவிற்கு அனுப்ப வகைசெய்தது என்பதை நினைவுகூரின், அம்மூதாட்டி ஒருவர் கதை எத்துணைப் பெரிய வரலாற்றைச் சார்ந்தது என்பது விளங்கும். அவர் கூறிய கதைகளும் நாட்டுப்புற ஒப்பாரியும் பாட்டிற்கு ஊற்றாயின. தன்னுள் நோக்கிய பாவலர் அங்குக் கண்டது தன்னை மட்டுமன்று; நிலத்தில் உழைத்தும் நிலம் பெறாத முன்னோரையும் கண்டார்.

ஆக்கியோர் யாவர்?

தாளம் ஒருவரது, சொல் ஒருவரது, குரல் இருவரது, ஒப்பாரியோ பெயர் அறியப்படாத பெண்டிரது எனின், பாட்டின் ஆக்கியோர் யாவர்? இவ்வினா ஏட்டளவில் நில்லாது, நாட்டிலும் எழுந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நிகழ்ந்த சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அறிவு இன்றியே இப்பாட்டு மேடையேறியது. அதன்பின் அவர் தம் உழைப்பினை வெளிப்படையாக எடுத்துரைத்தார்; ஏனை இருவரும் தத்தம் பங்கினை விளக்கினர். அவருள் எவர்க்கு எவ்வளவு உரிமை என்று தீர்ப்புக் கூறுதல் ஈண்டு நம் பணியன்று. ஆயின் பாட்டு ஆக்கப்பெறும் முறையை அறியாதார் அவ்வுரிமையை அளக்கவும் இயலாது என்பது தெளிவு.

அருணகிரிநாதர் பாடியன பதினாறாயிரம் என்பது வழக்கு. இன்று கிடைப்பன ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர்தோறும் தேடித் தொகுத்திராவிடின் அவற்றுள்ளும் பல மறைந்திருக்கும். அவ்வுழைப்பினை இக்காலப் பாட்டிற்கும் நாம் செய்தல் வேண்டும். பாடலடிகளை மட்டும் எழுதிவைத்தல் போதாது. தாளம் அமைத்தவர், சொல் எழுதியவர், பாடியவர், கதை சொன்னவர், ஒப்பாரி வைத்தவர் ஆகிய அனைவரையும் அவர்கள் வாழுங்காலத்திலேயே கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். தணிகையிலும் அரக்கோணத்திலும் அப்பணியைத் தொடங்குதல் தகும்.