மொபைலும் மோபிலும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கொல்லிமலை ஏறிய பஸ் சோளக்காட்டில் வந்து நிற்க, அன்னாசியும் பலாவும் விலைபேசப்படும் சந்தையோரத்தில் ஒருவர், "மொபைலைக் காணோமே" என்று சட்டைப்பையைத் தடவுவாராயின், அவர் தேடுவது இன்னதென்று அங்குள்ள எல்லோருக்கும் விளங்கும். அதே சொல் ஜகார்த்தாவில் ஒருவர் செவியில் விழுந்தால், அவர் சட்டைப்பையை நோக்கமாட்டார், தெருவை நோக்குவார். இந்தோனேசிய பாஷையில் 'மோபில்' என்றால் மோட்டார் கார்.

இவ்விரண்டிற்கும் மூலம் ஒன்றே. லத்தீனில் 'மோவேரே' என்பது அசைத்தல் என்னும் வினை. அதிற்பிறந்த 'மோபிலிஸ்' என்பதற்கு அசையக்கூடியது, சலிக்கவல்லது என்று அர்த்தம். குதிரையின்றி ஓடும் வாகனத்திற்கு 19ஆம் நூற்றாண்டில் பெயர் தேடிய பிரெஞ்சுக்காரர், 'தானே' என்று பொருள்படும் 'ஆட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை இதன் முன்னே கூட்டி 'ஆட்டோமொபில்' என்றனர். அப்பெயர் டச்சு பாஷைக்குச் சென்று, டச்சுக்காரர் ஆண்ட தீவுகளில் கரையேறியபோது, அங்குள்ள ஜனங்கள் அதனை நடுவே ஒடித்து, முன்பாதியை 'ஓட்டோ' என்றும் பின்பாதியை 'மோபில்' என்றும் வழங்கினர். அவற்றுள் பின்பாதியே பெருவழக்காயிற்று.

இவ்வாறு ஒடிப்பது நமக்கும் புதிதன்று. ஆட்டோரிக்‌ஷாவில் 'ஆட்டோ'வும், மொபைல் போனில் 'மொபைலும்' மாத்திரம் நம் நாவில் தங்கின. 'பஸ்'ஸின் கதை இன்னும் விசித்திரமானது. 'ஆம்னிபஸ்' என்னும் லத்தீன் சொல்லுக்கு 'எல்லோருக்கும்' என்று பொருள். அதில் 'எல்லோர்' என்ற பகுதி வழியிலேயே உதிர்ந்துபோக, நம் 'கு' உருபை ஒத்த நான்காம் வேற்றுமை விகுதி ஒன்றே தனித்து நின்று, இன்று சோளக்காடு வரை ஜனங்களைச் சுமந்து வருகிறது.

ஆகவே, பிற பாஷைச் சொல்லை ஏற்பதை வறுமையின் அடையாளமென்று கருதுதல் தகாது. சொல்லும் ஒரு வாகனமே. எந்தப் பட்டறையில் பிறந்தது என்பதைவிட, ஏறியவரை ஊர் கொண்டு சேர்க்கிறதா என்பதே அதற்கு உரைகல். நாமும் வாங்கியதோடு நின்றவர்களல்லர். இந்தோனேசியர் கடலில் செலுத்தும் 'கப்பால்' நம் கப்பலே. ஆகாய விமானத்திற்கு அவர்களிடம் வழங்கும் பெயர்களுள் ஒன்று 'கப்பால் தெர்பாங்'. அதற்குப் பறக்கும் கப்பல் என்று பொருள்.