மலைக் குளிரில் டீசல் வண்டி: ஹீட்டர் பிளக்கைக் கவனியுங்கள்

மார்கழி, தை மாதங்களில் நம் கோத்தகிரி வியாபாரிகளுக்கு ஒரு கவலை கூடுதலாக வந்து சேரும். அரவேணு, கட்டபெட்டு, நெடுகுளா பகுதிக் கடைகளுக்கு முதல் நாள் இரவே மூட்டை ஏற்றி வைத்த வண்டி, காலையில் சாவியைத் திருப்பினால் முனகுகிறதே தவிர எழும்புவதில்லை. வெள்ளைப் புகை வருகிறது, பாட்டரி இறங்குகிறது, நேரம் போகிறது. சொன்ன நேரத்துக்குச் சரக்கு வராவிட்டால் வாடிக்கைக்காரர் அடுத்த மண்டிக்குப் போன் செய்துவிடுவார். ஆகவே இதை டிரைவர் பாடு, மெக்கானிக் பாடு என்று நாம் விட்டுவிட முடியாது.

அதே வண்டி மேட்டுப்பாளையத்தில் நின்றிருந்தால் ஒரே சாவியில் கிளம்பும். காரணம் எளிது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பலமாக அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றும் லேசு, இரும்பும் குளிர்ச்சி. அழுத்தத்தில் பிறக்கும் சூட்டைக் குளிர்ந்த சிலிண்டர் உறிஞ்சிவிடுகிறது. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். குளோ பிளக் என்பதும் இதுவே. பாட்டரி மின்சாரத்தில் இதன் நுனி சில விநாடிகளில் பழுக்கக் காய்ந்து, டீசல் பற்ற உதவுகிறது. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் டீசல் காரிலும் இது உண்டு. 2005-இல் வந்த டாடா ஏஸ் வண்டியிலும் உண்டு.

அறிகுறிகள்

குளிர்ந்த எஞ்சினை வெகுநேரம் சுற்றினால்தான் பிடிக்கும். பிடித்த பிறகும் ஓரிரு நிமிடம் குலுங்கும். டீசல் நாற்றத்துடன் வெள்ளைப் புகை வரும். சூடான பிறகு ஒரு குறையும் இராது. இப்படி இருந்தால் முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக் மேல்தான்.

சுற்றும்போது புகையே வராவிட்டால் டீசல் வந்து சேரவில்லை என்று பொருள். ஃபில்டரையும், குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் முதலில் பாட்டரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் அது ஹெட் கேஸ்கட் சமாசாரம்.

சோதிக்கும் முறை

சாவியைப் போட்டதும் மீட்டர் பலகையில் சுருள் போன்ற விளக்கு எரிந்து அணையும். அது எரிவதால் மட்டும் பிளக் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. பல வண்டிகளில் அது நேரத்தை மட்டுமே காட்டும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சாவியைப் போட்டு, பிளக் முனையில் டெஸ்ட் லைட்டை வையுங்கள். விளக்கு எரியாவிட்டால் பியூஸ், ரிலே, வயர் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் கோளாறு. புதுப் பிளக் வாங்கிப் பயனில்லை.

மின்சாரம் வந்தால் சாவியை அணைத்து, பிளக்குகளை இணைக்கும் பட்டையையோ வயரையோ கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிளக்கையும் மல்டிமீட்டரால் பாருங்கள். நல்ல பிளக் பெரும்பாலும் 2 ஓமுக்கும் குறைவாகவே காட்டும். தொடர்பே காட்டாதது எரிந்துபோன பிளக். மல்டிமீட்டர் இல்லையென்றால், டெஸ்ட் லைட்டின் ஒரு முனையைப் பாட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையைப் பிளக் தலையில் தொடலாம். விளக்கு எரியாவிட்டால் அந்தப் பிளக் போய்விட்டது.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு உண்டு. புது வண்டிப் பிளக்குகள் சில 12 வோல்ட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் வேலை செய்பவை. அவற்றைக் கழற்றி நேராகப் பாட்டரியில் மாட்டினால் எரிந்துவிடும். இந்த வண்டிகளை ஸ்கேனர் உள்ள ஒர்க்ஷாப்பில் காட்டுவதே நல்லது.

மாற்றும்போது

வெகுகாலம் கழற்றாத பிளக் கரி பிடித்து இறுகியிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது பொறுமையாகக் கழற்றச் சொல்லுங்கள். முறுக்கி உடைத்துவிட்டால் சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும். மாட்டும்போதும் கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் முறுக்கக் கூடாது. பழைய பிளக்கின் நுனி உருகியிருந்தால் இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் புதுப் பிளக்கும் விரைவில் போய்விடும். ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதான். ஆகவே செட்டாக மாற்றுவதே சிக்கனம்.

வண்டிக்கு உரிய நம்பர் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். சரக்கு வண்டிச் செலவுக்கு ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு உண்டு. குடும்பக் காருக்கும், காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கும் அது கிடையாது.

செய்யக் கூடாதவை

ஏர் ஃபில்டர் வாயில் துணியைக் கொளுத்திக் காட்டுவது, ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது இரண்டும் ஆபத்து. பழுத்த பிளக்கில் ஸ்பிரே பட்டால் வெடித்து எஞ்சின் பாகங்கள் உடையலாம். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றினால் ஸ்டார்ட்டர் மோட்டார் கெடும். எரியாத டீசல் ஆயிலில் கலந்து ஆயிலும் நீர்த்துப்போகும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, இறக்கத்தில் வண்டியை உருட்டி ஸ்டார்ட் செய்யும் நம் மலைப் பழக்கம். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வேக்குவம் கிடைக்காது. பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். எஞ்சின் பிடிக்காமல் போனால், ஒரு டன் மூட்டையோடு வளைவை நோக்கி இறங்கும் வண்டியை வெறும் கால் பலத்தால் நிறுத்த வேண்டும். எதிரே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வரலாம். அங்கே கணக்கு ரூபாயில் இல்லை.

ஐப்பசியிலேயே ஒரு நாள் ஒதுக்கி, பாட்டரியையும் பிளக்குகளையும் சோதித்துவிட்டால் பனிக்காலம் முழுதும் நிம்மதி. இதை நம் டிரைவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். வண்டியை எப்படியாவது கிளப்பிவிடு என்று அவர்களை விரட்டுவதை நாம் முதலில் நிறுத்துவோம். இறக்கத்தில் வண்டியோடு இறங்குபவர்கள் அவர்கள்தாம்.