கண்ணோடு கண் சேராத உரையாடல்

கணினியின் நெற்றியில் பொட்டு வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் சிறு கண்ணாடிக் கண்ணை வாசகர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். வெப்கேமரா எனப்படும் இக்கருவி தோன்றிய வரலாறு நகைப்பிற்குரியது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியோர் சிலர், காப்பி அருந்த மாடிப்படிகள் பல கடந்து வருவர். வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும்! ஆகவே 1991-ஆம் ஆண்டு, அப்பாத்திரத்திற்கு எதிரே ஒரு கேமராவை நிறுத்தி, அதன் படத்தைத் தத்தம் திரையிலேயே காண வழி செய்தனர். 1993-இல் அப்படம் இணையத்தில் ஏறவே, உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அக்காப்பிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தனர். 2001-இல் அக்கேமரா ஓய்வு பெற்றது.

காப்பிக்காகத் திறந்த கண் பின்னர் மனித முகத்தின் பக்கம் திரும்பியது. 2020-இல் கொரோனாத் தொற்று நம்மை வீட்டுக்குள் அடைத்தபோது வகுப்பறையும் அலுவலகமும் அதன் முன்னே வந்தமர்ந்தன. வெளிநாட்டில் பிழைக்கச் சென்ற பிள்ளைகளின் முகத்தைப் பெற்றோர் காண்பதும் இத்தகைய கண்ணின் வழியேதான். கைப்பேசியிலும் அதுவே உண்டு.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. நாம் பார்ப்பது திரையில் தெரியும் முகத்தை. நம்மைப் படம்பிடிக்கும் கண்ணோ திரைக்கு மேலே இருக்கிறது. மகன் தாயின் முகத்தை எத்துணை ஆவலோடு நோக்கினாலும், அவன் கண் தாழ்த்தியிருப்பதாகவே அவளுக்குத் தோன்றும். "ஏனப்பா குனிந்தே பேசுகிறாய், ஏதேனும் மனக்குறையா?" என்று அவள் கலங்கினால் அது அவள் பிழையன்று. லென்ஸை நோக்கிப் பேசினால் இக்குறை தீரும். ஆனால் அப்போது அவள் முகத்தை மகனால் காண இயலாது. பார்ப்பதாகத் தோன்ற வேண்டுமானால் பாராதிருக்க வேண்டும்! விந்தையான கருவிதான்.

இதற்கெனக் கண்மணிகளைத் திருத்திக் காட்டும் மென்பொருள்களும் வந்துள்ளன. நமக்கு அதில் உடன்பாடில்லை. மகன் உறங்கினானா, அழுதானா என்பதைத் தாய் அறிவது அக்கண்களைக் கொண்டல்லவா?

எளிய வழிகள் உள்ளன. பேசுபவரின் படத்தைத் திரையின் மேல்விளிம்புக்கு, லென்ஸுக்கு நேர் கீழே நகர்த்தி வையுங்கள். சற்றுத் தள்ளி அமர்ந்தால் கோணமும் குறையும். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் இருண்டுவிடும். வெளிச்சம் எதிரே இருக்கட்டும். முதியோர் இருக்கும் வீட்டில், ஏன் இவ்வாறு கண் தாழ்ந்து தெரிகிறது என்பதை ஒருமுறை விளக்கிச் சொல்லுங்கள். பேசி முடித்தபின் லென்ஸை மூடி வைப்பதும் நன்று. மெல்லிய காகிதத் துண்டே போதும்.