எட்டுக் கிலோமீட்டரும் பன்னிரண்டு வருஷமும்

குற்றாலத்தில் சாரல் நேரம். டீக்கடையில், பள்ளியில் வரலாறு நடத்துகிற நண்பரிடம் அடிமைமுறை பற்றிக் கேட்டேன். 'லிங்கன் பாடந்தானவே? நடத்தியாச்சுல்லா' என்றார். நம்மூர் அடிமைகளை? 'நம்ம பக்கம் ஏதுவே அடிமை? சாதிதான இருந்துச்சு.'

இந்தத் 'தான'தான் பிரச்சினை. அடிமை என்றதும் கப்பல், சங்கிலி என்றொரு பிம்பம் நமக்குள் கட்டமைக்கப்பட்டிருக்கிறது. நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்ற ஓலைகள் அதற்குள் வருவதில்லை. ஆ. சிவசுப்பிரமணியன் இதைப்பற்றிப் புத்தகமே எழுதியிருந்தும் வகுப்பறைக்குள் அது நுழையவில்லை.

தென்காசியிலிருந்து செங்கோட்டை சுமார் எட்டுக் கிலோமீட்டர். இது சென்னை மாகாணம், அது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. பிரிட்டனின் 1833 அடிமை ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆண்ட பகுதிகளை ஒதுக்கிவைத்தது. தென்காசிப் பக்கம் 1843ஆம் வருஷத்து 5ஆவது சட்டம் வந்தது. அடிமை மீதான உரிமையைக் கோர்ட்டு ஏற்காது, வரிபாக்கிக்காக ஆளை விற்கக் கூடாது என்றது. அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860 தண்டனைச் சட்டத்தில். செங்கோட்டைப் பக்கமோ 1855 வரை காத்திருந்தது. 1836 கணக்கெடுப்பில் திருவிதாங்கூரில் அடிமைகள் 1,64,864 பேர். ஏறக்குறைய எட்டுப் பேருக்கு ஒருவர். சர்க்காரே அடிமை வைத்திருந்த நாடு அது.

ஆக, ஒரே மலையடிவாரத்தில் நாற்று நட்ட இருவரில் ஒருவர் பன்னிரண்டு வருஷம் அதிகமாகச் சட்டப்படி சொத்தாக இருந்தார். ஆனால் எந்தச் சட்டமும் இருவருக்கும் நிலம் தரவில்லை. நிலமில்லாதவர் பழைய பண்ணைக்கே போனார், இந்தத் தடவை கடனாளியாக. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் போட வேண்டிவந்தது இதனால்தான்.

அமெரிக்காவில் இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வதென்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். நம்மிடம் சண்டையே இல்லை. ஏன்? அடிமை என்று சொன்னால் ஆண்டை யார் என்ற கேள்வி வரும், நிலம் யார் கையில் என்ற கேள்வி வரும். சாதி என்று மட்டும் சொன்னால் அது ஏதோ பழைய வழக்கமாகிவிடும். யாரும் பதில் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. அடிமைகளின் சாதிப் பெயரை மட்டும் பாடத்தில் எழுதினால், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தலைகுனியும். அந்த வேலையை நாம் செய்ய வேண்டாம். விற்றது யார், வாங்கியது யார், சாட்சிக் கையெழுத்து யார், காத்துநின்றது எந்தச் சர்க்கார் என்று அந்த முனையிலிருந்து பாடத்தைத் தொடங்குவோம். தலைகுனிய வேண்டியவர்கள் குனியட்டும்.