ஏரியலின் சுற்றம்

மலைநாட்டுத் தோட்டங்களில் தொலைக்காட்சி புகுந்த காலத்துக் காட்சி ஒன்றைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். 1982ஆம் ஆண்டு பீதுருதாலகால மலையுச்சியிலிருந்து ரூபவாகினியின் ஒளிபரப்பு வரத் தொடங்கிய பின்னர், லயங்களின் தகரக் கூரைகளுக்கு மேலே ஏரியல்கள் முளைத்தன. மகன் கூரைமேல் நின்று கம்பத்தைத் திருப்புவான். தந்தை உள்ளே பெட்டியின் முன் அமர்ந்து, "இன்னும் கொஞ்சம், அப்படியே நிறுத்து" என்பார். மகன் கம்பத்தைப் பிடித்திருக்கும்வரை படம் தெளிவாக நிற்கும். அவன் கையை விட்டு இறங்கியதும் படம் மங்கிவிடும். "மறுபடியும் ஏறு" என்று குரல் எழும்.

இது வேடிக்கையான நிகழ்ச்சிதான். எனினும் ஏரியல் என்னும் கருவியைப் பற்றிய பெரியதோர் உண்மை இதனுள் அடங்கியிருக்கிறது. மனித உடல் உப்புநீர் நிறைந்தது. மின்சாரத்தை ஓரளவு கடத்துவது. ஆகவே கம்பத்தருகே நின்ற மகனும் அந்த ஏரியலின் ஓர் உறுப்பாகிவிட்டான்! கடையில் விலைகொடுத்து வாங்கிய உலோகச் சட்டம் மட்டும் ஏரியல் அன்று. அதைத் தாங்கும் கம்பம், அதன் கீழுள்ள கூரை, அருகே நிற்கும் இரும்புக் கோபுரம், அடியிலுள்ள மண் ஆகிய யாவும் அதன் சுற்றமே.

படம் மங்கினால் ஒரு நாடகம்தான் போயிற்று என்று இருந்துவிடலாம். ஆனால் ஊவா மாகாணத்தில் இவ்விஷயம் உயிரோடு தொடர்புடையது. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள் காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத்து லயங்களை மூடிய துயரத்தை நேயர்கள் அறிவர். மண்சரிவு அபாயத்தைக் கணிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், 100 மில்லிமீற்றர், 150 மில்லிமீற்றர் என்று மழை ஏறும் படிகளைக்கொண்டு எச்சரிக்கையைப் படிப்படியாக உயர்த்துகிறது. மலைச்சரிவில் ஒரு மழைமானி இருந்து, அதன் கணக்கு வானொலி அலை வழியே நகரத்து அலுவலகத்தை அடைவதாயின், அந்த அலை ஒழுங்காகப் போய்ச் சேரவேண்டும். நடுநிசியில், மின்சாரம் நின்று, தொலைபேசியும் அடங்கிய வேளையில், அனுப்பும் ஏரியல் எத்திசையில் ஊமையாக இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

மின்காந்த அலைகள் இருக்கவேண்டும் என்பதை மாக்ஸ்வெல் 1865ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் கணிதத்தால் காட்டினார். அவற்றை 1887ஆம் ஆண்டளவில் ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டியவர் ஹேர்ட்ஸ். உலோகக் கோலொன்றில் மின்னோட்டம் விரைவாக முன்னும் பின்னும் அலையும்போது அலைகள் பிறந்து வெளியே பரவுகின்றன. கோலின் நீளம் அலைநீளத்தில் பாதியாக இருப்பின் மின்னோட்டம் எளிதாக அலையும். 150 மெகாஹேர்ட்ஸ் மீடிறனுக்கு அலைநீளம் 2 மீற்றர். பாதியலை நீளமுள்ள கோல் 1 மீற்றர்.

அந்த நீளத்திலும் பாதியே போதும் என்பதற்கு வழிகாட்டியது மார்க்கோனியின் அனுபவம். அவர் 1895ஆம் ஆண்டு தம் கருவியின் ஒரு முனையை உயரத்தில் ஏற்றி, மறுமுனையைப் பூமியோடு இணைத்தபோது அலைகள் முன்னிலும் நெடுந்தூரம் சென்றன. ஏன்? பதுளு ஓயாவின் தேங்கிய நீரோரத்தில் நிற்கும் மரத்தைப் பார்ப்பவருக்கு, மேலே ஒரு மரமும் கீழே தலைகீழாக ஒரு மரமும் தெரிகின்றன அல்லவா? அதுபோலவே, நன்கு மின்கடத்தும் தளத்தின்மேல் நிறுத்திய அரை மீற்றர்க் கோலுக்கு, அத்தளத்தின் கீழே இன்னோர் அரை மீற்றர் நிழல் கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்து முழுக்கோலைப்போல் தொழிற்படுகின்றன. இந்தக் கண்ணாடித் தளத்தையே பூமித் தளம் என்கிறோம்.

ஆனால் மண் நல்ல கண்ணாடி அன்று. கடல்நீர் சாதாரண மண்ணைக் காட்டிலும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். பாறை நிலமோ சாதாரண மண்ணினும் தாழ்ந்தது. ஆகவேதான் பெரிய வானொலி நிலையங்களில் கோபுரத்தின் அடியிலிருந்து நாற்புறமும் செப்புக் கம்பிகளைப் புதைக்கிறார்கள். 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோர்ஜ் பிரவுனும் அவருடைய கூட்டாளிகளும் அளந்து பார்த்து, 120 கம்பிகளைச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போலப் பரப்பினால் மண்ணில் வீணாகும் வலு மிகவும் குறைந்துவிடுகிறது என்று காட்டினர். அதே பிரவுன், உயரத்தில் வைக்கும் சிறிய ஏரியல்களுக்கு நான்கு கோல்களையே பூமித் தளமாக அமைத்தார். உண்மையில் இரண்டு கோல்களே போதுமாயிருந்தன. இரண்டு மட்டும் இருந்தால் எல்லாத் திசைக்கும் அலை சமமாகப் போகும் என்று வாங்குவோர் நம்பமாட்டார்கள் என்பதற்காகவே நான்காக்கினார் என்று சொல்லப்படுகிறது. கண்ணுக்குப் படுவது வேறு, கணக்கில் வருவது வேறு என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுமோ?

தோட்டத்து லயத்தின் தகரக் கூரையும் ஒரு பூமித் தளமே. கூரையின் நடுவே அரை மீற்றர்க் கோலை நிறுத்தி, அதன் கம்பியின் வெளியுறையைத் தகரத்தோடு நன்கு இணைத்தால், ஆரக்கோல்கள் தேவையில்லை. தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் துரு ஏறியிருந்தால் மின்னோட்டம் அங்கே தடைப்படும் என்பதை மட்டும் மறத்தலாகாது. அஸ்பெஸ்டஸ் கூரை மின்சாரத்தைக் கடத்தாது. அங்கே நான்கு கோல்களைச் சேர்க்கவேண்டும்.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தைத் தீர்ப்பது நன்று. இடி மின்னலுக்காக மண்ணில் அடிக்கும் செப்புக் கோலையும் பூமித் தளத்தையும் பலர் ஒன்றெனக் கருதுகின்றனர். 30 மீற்றர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து அடிக்கு இறங்கும் கம்பி, 2 மீற்றர் அலைக்குப் பதினைந்து அலைநீளம். அவ்வளவு தூரத்துக்கு அப்பாலுள்ள மண் உச்சியிலுள்ள ஏரியலுக்குத் தளமாக இருக்கமுடியாது. மின்னலுக்குக் கீழே பூமி வேண்டும். அலைக்கு மேலேயே தளம் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

இனிக் கோபுரத்துக்கு வருவோம். பதுளைக்கும் பசறைக்கும் நடுவே உள்ள முகடொன்றில் ஓர் இரும்புக் கோபுரம் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். அதன் மேற்குக் காலில் ஒரு தாங்கியைப் பொருத்தி, பதுளைப் பக்கமாக ஏரியலை நிறுத்துகிறார்கள். ஏரியலுக்கும் பசறைக்கும் இடையே கோபுரம் நிற்கிறது. கோபுரத்தின் இரும்பு, தன்மேல் விழும் அலையைத் திருப்பி எறிகிறது. எறியும்போது அலை தலைகீழாகப் புரள்கிறது. இடைவெளி அரை மீற்றராயின், போய்த் திரும்பும் வழி 1 மீற்றர், அதாவது பாதியலை. புரண்ட அலை பாதியலை தாமதித்து வருவதால், பதுளை நோக்கி நேரே செல்லும் அலையோடு ஒத்துச் சேர்கிறது. இடைவெளியை 1 மீற்றராக்கினாலோ, திரும்பி வரும் அலை எதிராக நின்று, பதுளைப் பக்கத்தையே மெலியச் செய்கிறது. ஊஞ்சலைத் தக்க கணத்தில் தள்ளினால் உயரப் போகும்; தவறிய கணத்தில் தள்ளினால் நின்றுவிடும். தள்ளுகிற கை ஒன்றே, காலம்தான் வேறு. இதற்கிடையே கோபுரத்தின் பின்புறமுள்ள பசறைப் பக்கம் நிழலில் அகப்படுகிறது. பதுளையில் கேட்டுப் பார்த்து, "நன்றாக இருக்கிறது" என்று திருப்தியடைந்தவர்கள், மறுபுறத்து லயங்களில் ஒலி மங்கியிருப்பதை அறியாமலே போகக்கூடும்.

இதை முன்னதாக அறிவது எவ்வாறு? முன்னாளில், ஏற்றிப் பார், இறக்கிப் பார் என்பதுதான் வழி. இன்று கணினிக்குள்ளேயே ஒரு கோபுரத்தைக் கட்டிப் பார்க்கலாம். ஹாரிங்டன் என்ற பேராசிரியர் 1968ஆம் ஆண்டு ஒரு நூலில் ஒழுங்குபடுத்திக் கூறிய கணித முறை இதற்கு அடிப்படை. அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் அம்முறையைக்கொண்டு உருவான 'நெக்' என்னும் மென்பொருளின் இரண்டாம் வடிவம் 1981ஆம் ஆண்டு வந்தது. இன்று அதை எவரும் இலவசமாகப் பெற்றுச் சாதாரணக் கணினியில் இயக்கலாம்.

அது செய்வது இதுதான். ஏரியலையும் கோபுரத்தையும் கம்பிகளாகக் கருதி, ஒவ்வொரு கம்பியையும் சிறு துண்டுகளாக்குகிறது. ஒரு துண்டு அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது. 2 மீற்றர் அலைக்கு 20 சென்ரிமீற்றர். 30 மீற்றர் உயரமும் மூன்று கால்களும் உள்ள கோபுரத்தின் கால்கள் மட்டுமே 450 துண்டுகளாகும். ஒவ்வொரு துண்டின் மின்னோட்டமும் எல்லாத் துண்டுகளையும் தாக்குவதால், 450ஐ 450ஆல் பெருக்க, 202,500 உறவுகளைக் கணக்கிட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கவேண்டும். மனிதன் தாளில் செய்ய ஆயுள் போதாத இவ்வேலையைக் கணினி விரைவில் முடித்து, எத்திசையில் எவ்வளவு வலு செல்கிறது என்பதைப் படமாக வரைந்து தருகிறது. தாங்கியை அரை அடி நகர்த்தினால் என்ன, கோபுரத்தின் உச்சியில் வைத்தால் என்ன என்று எத்தனை முறையும் கேட்கலாம். கோபுரத்தில் ஏறவேண்டியதில்லை, எவரும் விழுந்து அடிபடவேண்டியதுமில்லை.

ஆயினும் படம் அழகாக இருப்பதனால் அது உண்மையாகிவிடாது. மடுவத்தில் நிறுத்த கொழுந்தின் கணக்கும் தொழிற்சாலையில் நிறுத்த கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று தோட்டத்தில் பார்க்கிறார்கள். அதுபோல, இழப்பில்லாத மாதிரியுருவில் ஏரியலுக்குக் கொடுத்த வலுவும் எல்லாத் திசைகளிலும் வெளிப்பட்ட வலுவின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்கின்றனவா என்று முதலில் சோதிக்கவேண்டும். சமமில்லையேல், துண்டு வெட்டியதிலோ கம்பிகளை இணைத்ததிலோ பிழை இருக்கிறது. கோபுரத்தையும் தாங்கியையும் விட்டுவிட்டு ஏரியலை மட்டும் வரைந்தவருக்கு, வானவெளியில் தனியே மிதக்கும் ஏரியலின் விடையே கிடைக்கும். அத்தகைய ஏரியல் ஊவாவில் எங்கும் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. இந்த மென்பொருள் நிலத்தைச் சமதரையாகவே கொள்கிறது. ஊவாவிலோ சமதரை காண்பது அரிது. பதுளை நகரை அடுத்து 2,036 மீற்றர் உயரத்துக்கு நமுனுகுலை நிற்கிறது. ஆகவே இரண்டாவது கணக்கு ஒன்று தேவை. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் 'எண்டவர்' விண்ணோடம் 60 மீற்றர் நீளமான கையொன்றை விண்ணில் நீட்டி, அதன் நுனியிலிருந்த ஏரியலின் துணையால் உலகத்து நிலப்பரப்பின் பெரும்பகுதியை 11 நாட்களில் ரேடாரால் அளந்தது. அந்த அளவுகள் ஏறத்தாழ 30 மீற்றருக்கு ஒரு புள்ளியாக இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைக்கொண்டு அலை எந்த முகட்டில் தட்டுகிறது, எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்று பார்க்கலாம். கூரிய முகட்டை உரசிச் செல்லும் அலை தன் வலுவில் நான்கில் ஒரு பங்கையே மறுபுறம் கொண்டுசேர்க்கும். முதற்கணக்கு ஏரியல் என்ன சொல்கிறது என்பதைக் கூறும். இரண்டாவது, மலை அதை எவ்வளவு கேட்கவிடுகிறது என்பதைக் கூறும்.

இரண்டு கணக்கும் முடிந்த பின்னர் மூன்றாவதாக ஒன்று எஞ்சியிருக்கிறது. அது கால்நடை. மடூல்சீமையின் ஓரத்திலோ, லுணுகலைக்குப் போகும் வழியிலோ, கணினி 'நிழல்' என்று காட்டிய லயத்துக்குச் சிறிய வானொலிப் பெட்டியோடு சென்று, மழை பெய்யும் நாளில் கேட்டுப் பார்க்கவேண்டும். கணக்கும் காதும் ஒத்தால் நல்லது. ஒவ்வாவிடின் திருத்தவேண்டியது கணக்கையே.

அன்று கூரைமேல் நின்ற மகன் இந்தப் பாடத்தின் முதல் பகுதியைத் தன் உடலாலேயே கற்றான். அவன் பிள்ளைகள் இன்று பள்ளிக் கணினியில் எஞ்சிய பகுதியைக் கற்கலாம். ஏரியல் தனித்து நிற்பதில்லை. அதன் சுற்றத்தைக் கணக்கில் எடுத்தவனே அதன் குரல் எதுவரை எட்டும் என்று அறிவான். மலையின் மறுபக்கத்தில் உறங்குவோரும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே.