மருந்து கெடுதலா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

களைக்கு மருந்து அடிக்கும் ஆட்களுக்குக் கையுறை கொடுக்கப் போயிருந்தபோது ஒரு தம்பி நம்மிடம் கேட்டார்: "ஐயா, இது உடம்புக்குக் கெடுதலான்னு பார்க்க மொதல்ல யாருக்காவது குடுத்துப் பார்ப்பாங்களா?" கூட நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் சிரிக்கிற கேள்வி இல்லை இது.

முந்தி எலி, முயலுக்குக் கொடுத்துத்தான் பார்த்தார்கள். இன்றும் பார்க்கிறார்கள். எலிக்குப் புற்றுநோய் வருமா என்று அறிய இரண்டு வருடம் போகும், செலவும் கூட. உலகில் புழங்கும் இரசாயனங்களோ பல்லாயிரம்.

1970களில் அமெரிக்காவில் புரூஸ் ஏம்ஸ் என்ற விஞ்ஞானி ஒரு குறுக்கு வழி கண்டார். சல்மொனெல்லா பக்டீரியாவில் ஒரு வகைக்கு ஹிஸ்டிடின் என்ற சத்தைத் தானாகச் செய்துகொள்ள முடியாது. அந்தச் சத்து இல்லாத தட்டில் விட்டால் வளராது. சோதிக்க வேண்டிய இரசாயனத்தைச் சேர்த்த பிறகு புள்ளி புள்ளியாக நிறைய வளர்ந்தால், அதன் பரம்பரையலகை இரசாயனம் மாற்றிவிட்டது என்று அர்த்தம். அப்படி மாற்றும் பொருள் புற்றுநோயையும் உண்டாக்கலாம். எலியின் ஈரல் சாற்றையும் இதில் கலப்பார்கள். ஏனென்றால் சில பொருள்கள் சாதுவாக உள்ளே போய், ஈரலில்தான் தங்கள் குணத்தைக் காட்டும். இரண்டு மூன்று நாளில் முடிவு தெரியும். பிள்ளைகளின் இரவு உடுப்பு தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த ட்ரிஸ் என்ற பொருள் இந்தச் சோதனையில் மாட்டியது. 1977இல் அமெரிக்கா அந்த உடுப்புகளைத் தடைசெய்தது.

2008இல் அங்கே டொக்ஸ்21 என்ற திட்டம் தொடங்கியது. கையளவு தட்டு ஒன்றில் 1,536 குழிகள். மனிதக் கலங்களைக் குழிகளில் இட்டு, சுமார் 10,000 இரசாயனங்களை யந்திரக் கை சோதித்தது. இந்தக் கணக்குகளை வைத்து, சோதிக்காத பொருளையும் கொம்பியூட்டர் கணிக்கிறது. புதிய ஆள் மலைக்கு வந்தால், "இவன் இன்னாருடைய தம்பி, வேலை இப்படித்தான் இருக்கும்" என்று கங்காணி சொல்வாரல்லவா, அதுபோல. இரசாயனத்தின் அமைப்பைப் பார்த்து அதன் சொந்தக்காரரைத் தேடும். கங்காணி கணக்குத் தப்புவதுண்டு, இதுவும் தப்பும்.

பராகுவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குக் கிரமக்சோன் என்றால் தெரியும். நுரையீரல் கலங்கள் அதைத் தாமாகவே உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். வேறு உறுப்பின் கலத்தை மட்டும் தட்டில் வைத்துப் பார்த்தால் இது அகப்படாது. ஒரு மிடறு உள்ளே போனாலும் உயிர் போகலாம், முறிமருந்தும் கிடையாது. இலங்கையில் 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாக அதை நிறுத்தினார்கள்.

கிளைபோசேட் கதை வேறு. 2015இல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், அது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாயிருக்கலாம் என்றது. அதே வருடம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, அப்படி இருக்க வாய்ப்பில்லை என்றது. இரண்டு சபையும் பார்த்த ஆராய்ச்சிகளும் முழுக்க ஒன்றல்ல, கேட்ட கேள்வியும் ஒன்றல்ல. நமது நாடு 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தது. படித்தவர்களே இப்படி இழுபடும்போது மருந்து அடிக்கிறவர் குழம்புவதில் என்ன ஆச்சரியம்?

இன்னொன்று. ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு பொருளாகத்தான் சோதிக்கிறார்கள். நமது ஆட்கள் சிலர் இரண்டு மருந்தை ஒரே டாங்கியில் ஊற்றி, ஈர உடுப்போடு லயத்துக்கு வந்து, பிள்ளையையும் தூக்குகிறார்கள். அந்தக் கலவையை எந்தத் தட்டிலும் யாரும் வைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். மருந்து அடித்த நாளில் தலைசுற்று, வாந்தி, கண் எரிச்சல் வந்தால் டிஸ்பென்சரிக்குப் போங்கள். போகும்போது போத்தல் லேபலில் உள்ள பெயரை எழுதிக் கொண்டுபோங்கள். இரண்டு மருந்து என்றால் இரண்டையும்.